கம்பங்ஷனா ரிமோர்ஸா, எது குத்தும் எது கடிக்கும்?

மனசு உறுத்துறதுக்கு இங்கிலீஷ்ல வார்த்தைக்கு பஞ்சமே இல்ல. ஆனா டிக்ஷனரிய தொறந்தா கம்பங்ஷனுக்கு (compunction) ரிமோர்ஸ்னு (remorse) போட்டிருப்பான், ரிமோர்ஸ பாத்தா கம்பங்ஷன்னு போட்டிருப்பான், ரெண்டும் ஒன்ன ஒன்னு கைகாட்டிட்டு நிக்கும். ரெண்டும் ஒன்னுதான்னு நம்பி எழுதினா எங்கயாவது இடிக்கும்.

வேர பாத்தா வித்தியாசம் பளிச்சுனு தெரியுது. லத்தீன்ல 'புங்கெரே'ன்னா குத்துறது, முன்னாடி 'கோம்' சேர்ந்தா நறுக்குனு அழுத்தி குத்துறது, அதுலேர்ந்து வந்ததுதான் கம்பங்ஷன். பங்ச்சர், பங்ச்சுவேஷன், மூக்குல ஏறுற நெடிய சொல்ற பஞ்சென்ட் எல்லாம் அதே குடும்பம்தான். ரிமோர்ஸ் வேற வீட்டுப் பிள்ளை, அங்க 'மோர்தெரே'ன்னா கடிக்கிறது, 'ரெ'ன்னா திரும்பவும். 1340ல இங்கிலாந்துல கேன்டர்பரி மடத்துல மைக்கேல்னு ஒரு துறவி பிரெஞ்சுலேர்ந்து ஒரு நூல மொழிபெயர்த்தார், தலைப்புல லத்தீன் சொல்ல அப்படியே வைக்காம உடைச்சு 'அயன்பைட் ஆஃப் இன்விட்'னு வச்சார், அதாவது மனசாட்சியோட மறுகடி. மனுஷன் ரசிச்சு பண்ணிருக்கார், ஆனா அந்த சொல் நிக்கல, ரிமோர்ஸ்தான் ஜெயிச்சுது.

கம்பங்ஷன் முதல்ல சர்ச் வார்த்தை. லத்தீன் பைபிள்ல அப்போஸ்தலர் 2:37ல பேதுரு பேச்ச கேட்ட கூட்டத்துக்கு என்ன ஆச்சுன்னு சொல்ற இடத்துல இந்த வினைச்சொல்தான் இருக்கு, தமிழ் பைபிள்லயும் 'இருதயத்திலே குத்தப்பட்டவர்களாகி'ன்னே வருது. 15ஆம் நூற்றாண்டுல தாமஸ் அ கெம்பிஸ்ங்கிற கிறிஸ்தவ துறவி ஒரு படி மேல போய், இதுக்கு டெஃபனிஷன் தெரிஞ்சுக்கிறத விட இத உணர்றதே எனக்கு போதும்னு எழுதி வச்சிட்டார், நாம இங்க டெஃபனிஷன் தேடிட்டு இருக்கோம்.

இப்ப அந்த கனம் எல்லாம் போய் கம்பங்ஷன் லேசாயிடுச்சு. அடுத்தவர் மேசைல திறந்து கெடக்கிற லெட்டர்ல கண்ணு ஓடுது, ரெண்டாவது வரில சுருக்குனு ஒன்னு தைக்குது, படிக்கலாமா வேணாமான்னு கை தயங்குது, அதுதான் கம்பங்ஷன். முழுசா படிச்சு, அதுல இருந்தத வெளிய சொல்லி, ஒரு உறவே முறிஞ்சு, வருஷக்கணக்கா ராத்திரில அத நெனச்சு புரண்டா அது ரிமோர்ஸ். கம்பங்ஷன் செய்றதுக்கு முன்னாடியும் வரும், செஞ்ச கையோடயும் வரும், ரிமோர்ஸ் இன்னைக்கு புழக்கத்துல செஞ்சதுக்கு அப்புறம்தான். அதனாலதான் தண்டனை சொல்றப்ப ஜட்ஜ் குற்றவாளிகிட்ட ரிமோர்ஸ் இருக்கான்னு பாப்பாரே தவிர கம்பங்ஷன தேட மாட்டார்.

இன்னொன்னு, கம்பங்ஷன் பெரும்பாலும் 'இல்ல'ங்கிறதோட ஒட்டிக்கிட்டேதான் வரும், 'வித்அவுட் கம்பங்ஷன்', 'நோ கம்பங்ஷன்' இப்படி. எனக்கு நெறைய கம்பங்ஷன் இருக்குன்னு யாராவது சொன்னா காதுக்கு ஒரு மாதிரி இருக்கும். கொலை பண்ணவனுக்கு கம்பங்ஷன் இல்லன்னா கூசாம பண்ணான்னு அர்த்தம், ரிமோர்ஸ் இல்லன்னா பண்ணிட்டும் வருத்தப்படலன்னு அர்த்தம்.

பழைய டெக்ஸ்ட்ல மட்டும் இந்த கணக்கு செல்லாது. ஷேக்ஸ்பியரோட மேக்பெத் நாடகத்துல முதல் அங்கம் அஞ்சாம் காட்சில லேடி மேக்பெத் கொலைக்கு மனச கல்லாக்கிக்கிறப்ப, ரிமோர்ஸ் உள்ள வர்ற வழிய அடைங்கன்னு கேக்குறா, அடுத்த வரிலயே 'கம்பங்ஷியஸ்' வருது. கொலையே நடக்கலியே, அப்புறம் எப்படி ரிமோர்ஸ்னு குழம்ப வேணாம், அப்ப ரிமோர்ஸுக்கு இரக்கம்னும் ஒரு அர்த்தம் இருந்துது.

மனசு உறுத்தறத சொல்ற மத்த வார்த்தைகள்ல ஸ்க்ரூப்பிள் (scruple) எனக்கு பிடிச்சது, லத்தீன்ல கூரான குட்டிக்கல், பழைய மருந்துக்கடை எடைக்கணக்குல 20 கிரெய்னுக்கும் (கிரெய்ன்ங்கிறது ரொம்ப சின்ன எடை அளவு) அதே பேருதான். ஆனா ஸ்க்ரூப்பிள் அந்த நேரத்து குத்தல் இல்ல, இத செய்யவே மாட்டேன்னு ஒருத்தர் வச்சிருக்கிற கொள்கை பக்கம் சாயுது. குவாம் (qualm) வயித்த பெரட்டுற மாதிரி திடீர்னு வர்ற தயக்கம், அதோட வேர் என்னன்னு அறிஞர்களுக்கே உறுதியில்ல. கில்ட்ட இவங்களோட சேக்கவே கூடாது, அது உணர்ச்சியாவும் இருக்கலாம், வெறும் சட்டபூர்வமான முடிவாவும் இருக்கலாம், கோர்ட்டு கில்ட்டின்னு சொன்ன ஆளுக்கு உள்ள ஒரு குத்தலும் இல்லாம இருக்கிறதும் சகஜம்தான்.