சும்மா கிடக்கும் கணினியை எந்த ஆராய்ச்சிக்குக் கொடுப்பது?

பெரிய ஆராய்ச்சிக் கணக்குகளைச் சிறு துண்டுகளாக்கி, இணையம் வழியாக வீட்டுக் கணினிகளுக்கு அனுப்பி, விடைகளைத் திரும்ப வாங்கிக்கொள்ளும் திட்டங்கள் உண்டு. இப்படி வீட்டுக் கணினியின் உபரி நேரத்தை அறிவியலுக்குக் கொடுக்க நினைப்பவர்கள் பெரும்பாலும் நோக்கத்தைப் பார்த்துத்தான் திட்டத்தைத் தேர்ந்தெடுக்கிறார்கள். புற்றுநோயா, விண்வெளியா, பருவநிலையா? அதில் தப்பு ஒன்றும் இல்லை. ஆனால் சேர்ந்த வேகத்தில் விட்டுவிடுபவர்களைக் கேட்டால், நோக்கத்தில் குறை சொல்லமாட்டார்கள். லேப்டாப் சூடாகிறது, கெடுவுக்குள் முடியவில்லை, வேலையே வரவில்லை என்பார்கள். அதனால் நான் முதலில் கேட்கும் கேள்வி வேறு: நீங்கள் கணக்கிட்டு அனுப்பப்போவதற்காக அந்தப் பக்கம் யாராவது காத்திருக்கிறார்களா?

ஃபோல்டிங் அட் ஹோமில் காத்திருக்கிறார்கள். 2000 அக்டோபரில் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் விஜய் பாண்டேயின் குழு தொடங்கியது இது. பிறகு பொறுப்பு கிரெக் போமனிடம் போனது. ஒரு புரதம் எப்படி மடங்குகிறது, எப்படி அசைகிறது என்பதை அணு அணுவாக, நொடியின் மிக மிகச் சிறிய துளிகளாக நகர்த்திக் கணக்கிடுகிறார்கள். இங்கே ஒரு சிக்கல் உண்டு. ஓர் அசைவை நான் கொஞ்ச தூரம் கணக்கிட்டு அனுப்பினால்தான், அது நின்ற இடத்திலிருந்து அடுத்த துண்டு பிறக்கும். தொடர் ஓட்டத்தில் கை மாறும் குச்சி மாதிரி. நான் ராத்திரி கணினியை அணைத்தால் குச்சியும் என்னோடு தூங்கிவிடும்.

அதனால்தான் ஃபோல்டிங்கில் ஒவ்வொரு துண்டுக்கும் இரண்டு கெடு. முதல் கெடு தாண்டினால் அதே வேலை இன்னொருவருக்கும் அனுப்பப்படும். இரண்டாவதும் தாண்டினால் உங்கள் உழைப்புக்குப் புள்ளியே (செய்த வேலைக்குத் திட்டம் போடும் மதிப்பெண்) கிடையாது. சீக்கிரம் திருப்பித் தந்தால் போனஸ் உண்டு. ஆனால் அதற்கு ஒரு பாஸ்கீ (உங்களை அடையாளம் காட்டும் தனிக் குறியீடு) வாங்கி, அதன் பெயரில் 10 துண்டுகளை முடித்திருக்க வேண்டும். வாங்கிய துண்டுகளில் 80 சதவீதத்தையாவது ஒழுங்காகத் திருப்பியிருக்க வேண்டும். வாங்கி வாங்கிப் போட்டுவிட்டுப் போகிறவர்களை வடிகட்ட இதைவிட நல்ல வழி எனக்குத் தோன்றவில்லை. நல்ல கிராஃபிக்ஸ் கார்டு இருந்தால் இங்கே நீங்கள் ராஜா. வெறும் சிபியுவை வைத்தும் ஓடலாம், மெதுவாகத்தான் போகும்.

2020-இல் நடந்ததைச் சொல்லாமல் ஃபோல்டிங்கைப் பற்றிப் பேச முடியாது. கொரோனா ஆராய்ச்சிக்கென்று மார்ச்சில் அவ்வளவு பேர் வந்து குவிந்ததில், கொடுப்பதற்கு வேலை போதாமல் சர்வர்கள் திணறின. ஏப்ரலில் மொத்த வேகம் 2 எக்ஸாஃப்ளாப்பைத் தாண்டியது. ஓர் எக்ஸாஃப்ளாப் என்றால் விநாடிக்குப் பத்தாயிரம் கோடி கோடி கணக்குகள். அப்போது உலகின் எந்த ஒரு சூப்பர் கம்ப்யூட்டரும் ஓர் எக்ஸாஃப்ளாப்பைக்கூடத் தொட்டிருக்கவில்லை. அத்தனை கணினிகளும் சேர்ந்து கொரோனா வைரஸின் புரதங்களை எவ்வளவு நேரத்துக்கு அசைத்துப் பார்த்தன தெரியுமா? மொத்தமாக 0.1 விநாடி. கேட்கச் சிரிப்பு வரும். ஆனால் வைரஸின் முள் புரதம் வாய் திறப்பது போன்ற அசைவுகளைப் பார்க்க அந்த நேரமே பெரிய நேரம்.

ஐன்ஸ்டைன் அட் ஹோம் இதற்கு நேர் எதிர். 2005-இல் புரூஸ் ஆலன் முன்னின்று தொடங்கிய திட்டம். ஜெர்மனியின் ஹானோவரில் உள்ள மாக்ஸ் பிளாங்க் ஈர்ப்பு இயற்பியல் நிறுவனமும் அமெரிக்காவின் விஸ்கான்சின்-மில்வாக்கி பல்கலைக்கழகமும் பின்னால் நிற்கின்றன. ஈர்ப்பலைகளைப் பிடிக்கும் லைகோ ஆய்வகத்தின் தரவு, ரேடியோ தொலைநோக்கிகளின் தரவு, ஃபெர்மி விண்கலத்தின் காமாக் கதிர்த் தரவு எல்லாவற்றிலும், பல்சர்கள் போன்ற, விட்டு விட்டுத் துடிக்கும் நட்சத்திரங்களைத் தேடுகிறார்கள். உங்களுக்கு வரும் துண்டுக்கும் பக்கத்து வீட்டுக்காரருக்கு வரும் துண்டுக்கும் சம்பந்தமில்லை. கெடு பெரும்பாலும் இரண்டு வாரம். தினமும் சாயங்காலம் இரண்டு மணி நேரம் மட்டும் ஓடும் கணினிக்கும் இங்கே மரியாதை உண்டு. ஒரே துண்டை வழக்கமாக இரண்டு பேருக்குக் கொடுத்து, விடைகள் ஒத்துப்போனால்தான் ஏற்கிறார்கள். சிபியு நேரம் இரட்டிப்பாகச் செலவாகிறதே என்று தோன்றலாம். யார் வீட்டுக் கணினியின் ராம் (நினைவகம்) பழுது என்று தெரியாத உலகத்தில் வேறு வழியில்லை.

கண்ணால் பார்க்கக்கூடிய பலன் என்றாலும் ஐன்ஸ்டைன்தான் முன்னால். 2010-இல் அரெசிபோ தொலைநோக்கியின் தரவிலிருந்து ஒரு புதிய பல்சர் கிடைத்தது. அதைக் கண்டுபிடித்தவை அமெரிக்காவின் அயோவாவில் ஒரு தம்பதியின் கணினியும், ஜெர்மனியின் மைன்ஸில் ஒருவரின் கணினியும். இது சயின்ஸ் இதழில் வெளியானது. ஐன்ஸ்டைனின் ஸ்கிரீன்சேவரும் எனக்குப் பிடிக்கும்: விண்கோளம் மெல்லச் சுழலும், நட்சத்திரக் கூட்டங்களுக்கு நடுவே தெரிந்த பல்சர்கள் புள்ளியாக நிற்கும், உங்கள் கணினி தேடும் திசையில் ஒரு குறி நகரும். அதை வரைவதற்கும் கொஞ்சம் சிபியு போகும். ஒரு தடவை ரசித்துவிட்டு அணைத்துவிடலாம்.

ரொசெட்டா அட் ஹோம் என்றால் இன்று பலருக்கு நினைவு வருவது 2024 வேதியியல் நோபல் பெற்ற டேவிட் பேக்கர். வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் அவரது ஆய்வகம் 2005-இல் தொடங்கியது இது. ஒரு புரதத்துக்கு எந்த வடிவம் பொருந்தும் என்று கண்டபடி தொடங்கி, ஆயிரக்கணக்கில் முயன்று, குறைந்த ஆற்றல் உள்ளதைப் பொறுக்குவது அதன் பாணி. ஒவ்வொரு முயற்சியும் தனி என்பதால், ஒரு துண்டு எத்தனை மணி நேரம் ஓடலாம் என்பதை நீங்களே அமைப்பில் சொல்லிவிடலாம். வேறு எங்கும் எளிதில் கிடைக்காத வசதி. அந்த மென்பொருள் வடிவங்களுக்கு மதிப்பெண் போடும் கணக்கில் "ராமா" என்று ஓர் உறுப்பு உண்டு. சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஜி. என். ராமச்சந்திரன் குழு 1963-இல் வெளியிட்ட, புரதச் சங்கிலி எந்தக் கோணங்களில் வளையலாம் என்று காட்டும் ராமச்சந்திரன் வரைபடத்திலிருந்து வந்தது அது.

இவ்வளவு இருந்தும் இப்போது புதிதாகச் சேர்பவருக்கு நான் ரொசெட்டாவை முதலில் சொல்லமாட்டேன். வடிவத்தைக் கணிக்கும் வேலையை ஆல்ஃபாஃபோல்ட் வகை செயற்கை நுண்ணறிவு நரம்பு வலைகள் வாரிக்கொண்டு போய்விட்டன. பேக்கரின் ஆய்வகமே அந்தப் பக்கம் திரும்பிவிட்டது. வீட்டுக் கணினிகளுக்கு வேலை விட்டு விட்டுத்தான் வருகிறது. சரி, அப்படியென்றால் ஃபோல்டிங்கும் வீண்தானே என்று கேட்பார்கள். இல்லை. நின்ற நிலையில் ஒரு புரதம் எப்படி இருக்கும் என்பது ஒன்று. அது எப்படியெல்லாம் நெளிகிறது, எங்கே ஒரு பள்ளம் சில கணம் திறந்து மருந்துக்கு இடம் கொடுக்கிறது என்பது வேறு. இரண்டாவதற்கு அசைத்துத்தான் பார்க்க வேண்டியிருக்கிறது.

மற்றவற்றைச் சுருக்கமாகவே சொல்லலாம். வேர்ல்ட் கம்யூனிட்டி கிரிட் 2004-இல் ஐபிஎம் தொடங்கியது. 2021-இல் டொரொன்டோவின் கிரெம்பில் ஆராய்ச்சி நிறுவனத்துக்குக் கை மாறியது. புற்றுநோயைக் காட்டிக்கொடுக்கும் உடல் அடையாளங்களைத் தேடும் அதன் வேலை பழைய சிபியுவுக்கும் தோதானது. கை மாறிய பிறகு மாதக்கணக்கில் முடங்கிக் கிடந்தது உண்மை. இதை மட்டும் நம்பிக் கணினியை ஓட்டாதீர்கள், கூட இன்னொன்றையும் சேர்த்துவையுங்கள். ஆக்ஸ்ஃபோர்டின் கிளைமேட் பிரெடிக்ஷன் அருமையான முயற்சி. ஆனால் ஒரு துண்டே நாட்கணக்கில் ஓடும், பொறுமைசாலிகளுக்கு. கிம்ப்ஸ் பகா எண் தேடுகிறது. 2024 அக்டோபரில் 4 கோடியே 10 லட்சத்துக்கும் மேல் இலக்கங்கள் கொண்ட எண்ணைப் பிடித்தார்கள். கணக்குப் பைத்தியம் இருந்தால் போகலாம், நோயாளிக்கு அதனால் ஒன்றும் ஆகாது.

ஃபோல்டிங்குக்கும் கிம்ப்ஸுக்கும் தனி மென்பொருள். மற்றவை எல்லாம் பாயிங்க் என்ற ஒரே மென்பொருளுக்குள் அடங்கும். பாயிங்க் ஆண்ட்ராய்டு போனிலும் ஓடும். சார்ஜில் போட்டு, பேட்டரி 90 சதவீதம் ஏறி, வைஃபை இருந்தால் மட்டும் வேலை செய்யும்படிதான் அது வரும். அதை மாற்றாதீர்கள்.

அப்புறம் கரண்ட். டெஸ்க்டாப் சும்மா இருப்பதைவிடக் கூடுதலாக 100 வாட் இழுத்தால், நாள் முழுக்க ஓட்டினால் 2.4 யூனிட், இரண்டு மாத பில்லில் 144 யூனிட். கிராஃபிக்ஸ் கார்டு 200 வாட் இழுத்தால் 288. தமிழ்நாட்டில் 500 யூனிட்டைத் தாண்டினால் குறைந்த கட்டணப் படியும் கைநழுவும் என்பதால், அந்தக் கோட்டை ஒட்டி இருக்கும் வீடுகளுக்கு இது வெறும் 144 யூனிட் கணக்கு இல்லை. சித்திரை வெயிலில் அந்த வெப்பத்தை வெளியேற்ற ஏசி இழுப்பது தனி. இந்தக் கணக்கைப் பார்த்த பிறகும் ஃபோல்டிங்கை 24 மணி நேரம் ஓட்ட மனசு வருகிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள். வந்தால், நல்ல கிராஃபிக்ஸ் கார்டும் யுபிஎஸ்ஸும் உள்ளவருக்கு அதைவிடப் பொருத்தமானது வேறில்லை. வராவிட்டால் ஐன்ஸ்டைனைப் போட்டு, தினம் சில மணி நேரம், சிபியுவுக்குள் இருக்கும் கோர்களில் (தனித்தனியாகக் கணக்கிடும் பகுதிகள்) பாதி மட்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். லேப்டாப்பாக இருந்தால் இரண்டே கோர் போதும். "சிபியு நேரத்தில் இத்தனை சதவீதம்" என்ற அமைப்பைக் குறைக்காமல் கோர்களின் எண்ணிக்கையைக் குறைப்பது நல்லது; முந்தையது கணினியை நிறுத்தி நிறுத்தி ஓட்டும், ஃபேன் ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும்.

ஆபீஸ் கணினியில் மட்டும் கேட்காமல் நிறுவாதீர்கள். கரண்ட் பில் அவர்களுடையது, நெட்வொர்க்கும் அவர்களுடையது. ஐடி பிரிவுக்கு இதற்கும் பிட்காயின் தோண்டுவதற்கும் வித்தியாசம் தெரியாது, விளக்கவும் நேரம் தரமாட்டார்கள்.