அம்மாவின் இன்சுலின் பேனா: எட்டு மாதம் பயன்படுத்திய பிறகு

ரீஃபில் மாற்றிப் போடுகிற இன்சுலின் பேனா (சர்க்கரைக்கு ஊசி போடும், பேனா வடிவக் கருவி) வாங்கி எட்டு மாதம் ஆகிறது. வாங்குவதற்கு முன்னால் யாராவது தமிழில் விவரமாக எழுதியிருக்கிறார்களா என்று தேடினேன், பாகற்காய் ஜூஸ், வெந்தயத் தண்ணீர் தவிர ஒன்றும் அகப்படவில்லை. அதனால் நானே எழுதுகிறேன்.

போட்டுக்கொள்வது அம்மா. வயது 66, சர்க்கரை வந்து 17 வருடம், வீடு கடலூர் திருப்பாதிரிப்புலியூரில். மாத்திரையை எவ்வளவு கூட்டியும் வெறும் வயிற்றில் 240-க்குக் குறையவில்லை, மூன்று மாதச் சராசரியைக் காட்டும் HbA1c 10.2 சதவீதம். டாக்டர் இன்சுலின் என்றதும் அம்மா வெளியே வந்து பெஞ்சில் உட்கார்ந்து அழுதுவிட்டார். "ஊசி வரைக்கும் வந்துட்டா அவ்ளோதான்டி. எங்க பெரியம்மாவுக்கு ஊசி போட்டப்புறம்தான் காலை எடுத்தாங்க."

இந்தப் பயம் தெருவுக்குத் தெரு இருக்கிறது, அதனால் சொல்கிறேன். பெரியம்மாவுக்குக் காலை எடுத்தது ஊசியால் இல்லை, அதற்கு முன்னால் பத்து வருடம் சர்க்கரை 300-க்கு மேலேயே நின்றதால். ஊசி வந்தபோது நரம்பும் ரத்தக்குழாயும் ஏற்கெனவே கெட்டுப்போயிருந்தன. 1922 ஜனவரியில் டொராண்டோவில் முதல்முதலாக இன்சுலின் போட்டது லெனார்ட் தாம்சன் என்ற 14 வயதுப் பையனுக்கு. அதுவரை அவனைப் போல, உடம்பில் இன்சுலினே சுரக்காத வகைச் சர்க்கரை வந்த குழந்தைகள் எலும்பும் தோலுமாகிச் செத்துக்கொண்டிருந்தார்கள். அவன் இன்னும் 13 வருடம் உயிரோடு இருந்தான். அம்மாவிடம் இதைச் சொன்னபோது அழுகை நின்றது, ஆனால் சம்மதம் வரவில்லை.

சம்மதிக்க வைத்தது எங்கள் தெருவில் இருக்கிற நர்ஸ் அக்கா. "அம்மா, முதுநகர் ஹார்பர்ல மீன் வந்து இறங்கிக்கிட்டே இருக்கு, ஏத்திட்டுப் போக வண்டி இல்லன்னா என்ன ஆகும்? ஊருக்குள்ள மீன் இருக்காது, கரையில மட்டும் குவிஞ்சு கிடக்கும். உங்க ரத்தத்துல சர்க்கரை அப்படித்தான் கிடக்கு. உடம்புக்குள்ள போகல, அதான் இவ்வளவு சர்க்கரை இருந்தும் சோர்வா இருக்கீங்க." அந்த வண்டிதான் இன்சுலின். கணையம் சுரப்பது. அம்மா மாதிரி ஆட்களுக்கு முதலில் உடம்பு இன்சுலினுக்குச் சரியாக இணங்காமல் போகிறது, அதை ஈடுகட்ட கணையம் வருடக்கணக்கில் கூடுதலாகச் சுரந்து சுரந்து தளர்ந்துவிடுகிறது. ராத்திரி ஒன்றும் சாப்பிடாமல் படுத்தாலும் காலையில் 240 காட்டுகிறதே என்று நான் குழம்பியிருக்கிறேன், அதற்கும் இதுதான் காரணம்: கல்லீரல் ராத்திரி முழுக்கச் சர்க்கரையை ரத்தத்தில் விடுகிறது, போதும் நிறுத்து என்று சொல்ல வேண்டியதும் இன்சுலின்தான்.

சரி, பேனாவுக்கு வருகிறேன். நாங்கள் முதலில் தொடங்கியது பாட்டிலும் சிரிஞ்சும்தான், அதில் பட்ட அடியால்தான் பேனாவுக்கு மாறினோம். நம் நாட்டில் சாதாரணமாகக் கிடைக்கும் பாட்டில் இன்சுலினில் ஒரு மி.லி.க்கு 40 யூனிட். அதற்குச் சிவப்பு மூடி சிரிஞ்ச். பேனா ரீஃபிலில் ஒரு மி.லி.க்கு 100 யூனிட், அந்த அளவுக்கான சிரிஞ்சுக்கு ஆரஞ்சு மூடி. ஒரு கடையில் 40 யூனிட் பாட்டிலோடு ஆரஞ்சு மூடி சிரிஞ்சைக் கட்டிக் கொடுத்துவிட்டார்கள், எனக்கும் அப்போது வித்தியாசம் தெரியாது. டாக்டர் காலைக்குச் சொன்னது 20 யூனிட். ஆரஞ்சு மூடி சிரிஞ்சில் 20 கோடு வரை இழுத்தால் 0.2 மி.லி., அந்தப் பாட்டிலில் அது வெறும் 8 யூனிட். ஒன்பது நாள் இப்படியே போட்டோம். சர்க்கரை 300-ஐ விட்டு இறங்கவில்லை, அம்மா எல்லாம் வீண் என்று சாப்பாட்டைக் குறைத்துக்கொண்டார். நர்ஸ் அக்கா வந்து மூடியைப் பார்த்த நொடியில் கண்டுபிடித்தார். எனக்குக் கை நடுங்கிவிட்டது, ஏனென்றால் இதுவே தலைகீழாக, 100 யூனிட் இன்சுலினைச் சிவப்பு மூடி சிரிஞ்சில் இழுத்திருந்தால் இரண்டரை மடங்கு ஏறியிருக்கும். பாட்டில் வாங்குகிறவர்கள் தயவுசெய்து லேபிளையும் மூடியையும் பொருத்திப் பாருங்கள்.

பேனாவில் இந்தக் குழப்பம் இல்லை. அடியில் இருக்கும் திருகைத் திருப்பினால் ஒரு யூனிட்டுக்கு ஒரு டிக். அம்மாவுக்குக் கண்புரை, சிரிஞ்ச் கோடு தெரியாது, ஆனால் டிக்கை எண்ணிவிடுவார், நான் பேனாவின் சின்ன ஜன்னலில் தெரியும் எண்ணை ஒருமுறை பார்த்துக்கொள்வேன். 4 மி.மீ. ஊசி, எறும்பு கடி கூட இல்லை என்கிறார். மூன்றாம் வாரத்திலிருந்து அவரே போட்டுக்கொள்கிறார்.

ஆனால் போடும் விதம் தெரியாவிட்டால் பேனாவும் உதவாது. அம்மாவுடையது கலப்பு இன்சுலின் (வேகமாக வேலை செய்வதும் மெதுவாக வேலை செய்வதும் கலந்தது), அடியில் வெள்ளையாகப் படிந்து நிற்கும். உள்ளங்கைக்கு நடுவே பத்து முறை உருட்டி, பத்து முறை மேலும் கீழும் கவிழ்த்து, ஒரே சீராகப் பால் போல ஆன பிறகுதான் போட வேண்டும். ஒவ்வொரு முறையும் 2 யூனிட்டை வெளியே விட்டு ஊசி நுனியில் சொட்டு வருகிறதா என்று பார்க்க வேண்டும். அழுத்திய பிறகு பத்து எண்ணும் வரை எடுக்கக் கூடாது, அவசரப்பட்டால் மருந்து தோல் மேலேயே ஒழுகுகிறது. அப்புறம் இடம். அம்மா தொப்புளுக்கு வலப்பக்கம் ஒரே இடத்தில் குத்திக் குத்தி, புளியங்கொட்டை அளவுக்கு ஒரு கட்டி வந்துவிட்டது. வலிக்காது என்பதால் அங்கேயே போட்டிருக்கிறார். அந்தக் கட்டிக்குள் போன மருந்து ஒருநாள் ஏறும், ஒருநாள் ஏறாது. டாக்டர் இடத்தை மாற்றச் சொன்னதோடு அளவையும் கொஞ்சம் குறைத்தார், நல்ல தோலில் மருந்து முழுசாக ஏறும் என்பதால்.

ஒரு பிரதோஷத்தன்று ஊசியைப் போட்டுவிட்டு, வந்து சாப்பிட்டுக்கொள்ளலாம் என்று பாடலீஸ்வரர் கோயிலுக்குப் போனார். கூட்டத்தில் நேரமாகிவிட்டது. வந்தவர் வாசற்படியிலேயே உட்கார்ந்தார், புடவை நனையும் அளவுக்கு வியர்வை, பேச்சு குழறுகிறது. மீட்டரில் 58. மூன்று ஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடிக்க வைத்தேன், கால் மணி நேரம் கழித்து 86, உடனே இட்லி. 70-க்குக் கீழே போனாலே தாழ்சர்க்கரை; இப்படி வியர்வை, குழறல் தெரிந்தால் மீட்டர், ஸ்ட்ரிப் என்று தேடிக்கொண்டே இருக்காமல் முதலில் சர்க்கரையைக் கொடுங்கள், மயங்கிவிட்டால் வாயில் எதுவும் ஊற்றாமல் ஆஸ்பத்திரிக்குத் தூக்குங்கள். இப்போது சாப்பாடு தயாரான பிறகுதான் பேனாவே வெளியே வரும்.

பேனாவில் குறையென்றால் செலவு. அரசு மருத்துவமனையில் இன்சுலின் இலவசமாகக் கிடைக்கிறது, ஆனால் பெரும்பாலும் பாட்டிலாக. 3 மி.லி. ரீஃபிலில் 300 யூனிட்தான், ஊசி வேறு தனிக்காசு. அப்புறம் வெயில். பிரிக்காத ரீஃபிலை ஃபிரிட்ஜில் 2 முதல் 8 டிகிரிக்குள் வைக்கலாம், ஃப்ரீசர் பக்கம் ஒட்டவே கூடாது, ஒருமுறை உறைந்தால் குப்பைதான். பேனாவில் போட்டதை வெளியே வைக்கிறோம், அம்மாவுடையதுக்கு நான்கு வாரம் கணக்கு, உங்களுடையதுக்கு எத்தனை நாள், எத்தனை டிகிரி என்று பெட்டிக்குள் இருக்கும் தாளில் பாருங்கள். கத்திரியில் எங்கள் ஹாலே கொதிக்கிறது. பெரிய மண்சட்டியில் ஈர மணல், அதற்குள் சின்னச் சட்டி, அதில் பிளாஸ்டிக் டப்பாவில் பேனா, மேலே ஈரத்துணி. உப்புக்காற்றின் ஈரத்தால் கடலோரம் இல்லாத உள்மாவட்டங்கள் அளவுக்கு இங்கே குளிர்வதில்லை, இருந்தாலும் வெளியே இருப்பதற்குப் பரவாயில்லை. 2024 நவம்பர் 30-இல் ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்து, தென்பெண்ணை வெள்ளத்தோடு கரண்டும் போன நாட்களை நினைத்தால், இந்தச் சட்டி ஒவ்வொரு வீட்டிலும் இருக்கட்டும் என்றுதான் தோன்றுகிறது.

மூன்று மாதச் சராசரி இப்போது 7.6. பாதத்து எரிச்சல் குறைந்து ராத்திரி தூங்குகிறார்.

வாங்கப் போகிறவர்கள் ஒன்றைக் கவனியுங்கள்: ஒரு கம்பெனி பேனாவில் இன்னொரு கம்பெனி ரீஃபில் பெரும்பாலும் சேராது, அதனால் டாக்டர் எழுதிய ரீஃபிலைக் காட்டி அதற்கான பேனாவைக் கேளுங்கள். போட்டு முடித்ததும் ஊசியைக் கழற்றிவிடுங்கள், மாட்டியே வைத்தால் காற்று உள்ளே போகிறது. கழற்றிய ஊசியை மூடி போட்ட கெட்டி பிளாஸ்டிக் பாட்டிலில் சேர்த்து வைத்து ஆஸ்பத்திரியில் கொடுங்கள், கையால் குப்பை அள்ளுகிறவர்களுக்கு அது குத்தக் கூடாது.