வீட்டு நீச்சல் குளத்துக்கு பட்ஜெட் ரோபோ: மணலித் தூசியில் மூன்று வருஷம் ஓட்டிப் பார்த்தது

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மாதவரம், மணலி, எண்ணூர், திருவொற்றியூர் பக்கம் வீட்டில் சின்னதாக ஒரு நீச்சல் குளம் வைத்துக்கொண்டு, அதைச் சுத்தம் பண்ண விலை குறைந்த ரோபோ தேடுகிறவர்கள் சுவர் ஏறுமா, மொபைலில் ஆப் இருக்கிறதா, சார்ஜ் எவ்வளவு நேரம் நிற்கும் என்பதையெல்லாம் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம், முதலில் கேட்க வேண்டியது உள்ளே அழுக்கைப் பிடிக்கும் வலையின் ஓட்டை எத்தனை மைக்ரான் என்பதுதான் (ஒரு மைக்ரான் என்றால் மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு). விற்கிறவருக்கே அது தெரியவில்லை என்றால் வேறு கடை பாருங்கள்.

வட சென்னையில் நீச்சல் குளமா என்று சிரிக்கிறவர்கள் சிரித்துக்கொள்ளுங்கள், எனக்குப் பழகிவிட்டது. மாதவரம் தாண்டி கொசப்பூர் பக்கம் மச்சான் துபாயில் சம்பாதித்த காசில் வீடு கட்டும்போது பின்பக்கம் இதையும் சேர்த்துக் கட்டிவிட்டார். அவர் லீவில் வந்தால் குதிப்பார், பிள்ளைகள் மே மாதம் முழுக்க அதிலேயே கிடப்பார்கள், மற்ற நாளெல்லாம் குளம் என் தலையில். 20 அடிக்கு 10 அடி, ஆழம் 4 அடி, தரை சமம். ஏறத்தாழ 22,500 லிட்டர் பிடிக்கும். கண்ணாடி மொசைக் டைல்ஸ், முக்கால் ஹெச்.பி. மோட்டார், ஒரு மணல் ஃபில்டர், அவ்வளவுதான்.

ரோபோ வாங்குவதற்கு முன்னால் கையால் வேக்குவம் போட்டுக்கொண்டிருந்தோம். நீளக் கம்பியில் ஹெட்டை மாட்டி, ஹோஸைப் பிடித்துக்கொண்டு, கரையைச் சுற்றிச் சுற்றி நடக்க வேண்டும். முதுகு வலிகூடப் பரவாயில்லை, தண்ணீர்தான் பிரச்சினை. வேக்குவம் இழுக்கிற அழுக்கெல்லாம் மணல் ஃபில்டரில் போய் அடைக்கும், பிரஷர் முள் ஏறும், உடனே பேக்வாஷ் கொடுக்கணும், அதாவது தண்ணீரைத் தலைகீழாக ஓடவிட்டு அடைத்த அழுக்கை வெளியே தள்ளணும். மணிக்கு 10,000 லிட்டர் தள்ளுகிற மோட்டாரில் 3 நிமிஷம் பேக்வாஷ் விட்டால் 500 லிட்டர் சாக்கடைக்குப் போகிறது, கணக்குப் போட்டுப் பாருங்கள். 2019 ஜூனில் புழல், சோழவரம், பூண்டி, செம்பரம்பாக்கம் நாலு ஏரியும் வற்றிப்போய்க் கிடந்ததைப் பார்த்த யாருக்கும் அந்த 500 லிட்டர் கண்ணில் குத்தும். தெருவே லாரிக்குக் குடத்தோடு காத்திருக்கிற ஊரில் நாம் அதைத் திறந்துவிட்டுக்கொண்டு நிற்க முடியாது. ரோபோவுக்குத் தனி மோட்டார், தனிக் கூடை. கூடையில் சேர்கிற அழுக்கு மணல் ஃபில்டருக்குப் போகாது. கூடையை எடுத்து ஒரு பக்கெட் தண்ணீரில் அலசி வாழைக்கு ஊற்றிவிடலாம். நான் ரோபோ பக்கம் போனதற்கு இதுதான் முதல் காரணம். இதே காரணத்துக்காகத்தான் இன்னும் விலை குறைவாக வருகிற சக்‌ஷன் வகையை எடுக்கவில்லை, அது குளத்து மோட்டாரின் இழுவையில்தான் ஓடும், அழுக்கு மறுபடியும் அதே மணல் ஃபில்டருக்குத்தான் போகும்.

ரோபோவில் வயர் உள்ளது, வயர் இல்லாதது என்று இரண்டு ஜாதி. வயர் உள்ளதில் கரையில் ஒரு பவர் சப்ளை பெட்டி இருக்கும், அது 230 வோல்ட்டைக் குறைந்த வோல்ட் டிசி ஆக்கி அனுப்பும். ஓட்டம் நிற்காது, இழுவை அதிகம், பேட்டரி கவலை கிடையாது. ஆனால் நல்ல வயர் ரோபோவின் விலையைக் கேட்டால் ஒரு பழைய ஸ்கூட்டி வாங்கிவிடலாம் போலிருக்கும். நான் வைத்திருந்த பட்ஜெட் 35,000 ரூபாய், அதற்குள் கிடைத்தது பேட்டரியில் ஓடுகிற, தரையை மட்டும் சுத்தம் பண்ணுகிற சின்ன வண்டி. சுவர் ஏறாது என்று தெரிந்தேதான் எடுத்தேன். 4 அடிச் சுவரை நீளப் பிரஷ்ஷால் தேய்க்க எனக்குக் கால் மணி நேரம் போதும், அதற்காக இரட்டிப்பு விலை கொடுக்க மனசு வரவில்லை. இன்றைக்கும் அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. பிராண்டு பெயர் வேண்டாம், இந்த விலையில் வருகிறவை பெரும்பாலும் ஒன்றுக்கொன்று அண்ணன் தம்பிதான், மேல்மூடியின் நிறம்தான் மாறும்.

சரி, எப்படி ஓடுகிறது?

இலை, தழை, வேப்பம்பூ, செத்த வண்டு, பிள்ளைகள் காலில் ஒட்டிவருகிற மணல் இதற்கெல்லாம் பிரமாதம். சித்திரையில் வேப்பம்பூ உதிர்கிறபோது தரை முழுக்க வெள்ளைப் பொரி தூவின மாதிரி கிடக்கும், ஒரு ஓட்டத்தில் அள்ளிவிடும். முருங்கை இலை மட்டும் கொஞ்சம் தொல்லை, சின்ன இலை என்பதால் வாய்க்குள் போய் வலையில் பத்திக்கொள்கிறது, பழைய டூத்பிரஷ் வைத்துத் தேய்த்தால்தான் வரும்.

நம்ம பக்கத்துத் தூசி வேற ரகம். ஜன்னல் கட்டையை விரலால் தடவினால் விரல் நுனி கறுத்துவிடும் இல்லையா, அது அப்படியே குளத்திலும் இறங்குகிறது. கன்டெய்னர் லாரிகள் கிளப்பும் புழுதி, டீசல் கரி, காற்று கிழக்கிலிருந்து அடிக்கிற நாளில் வருகிற மெல்லிய சாம்பல் எல்லாம் சேர்ந்த ஒரு பொடி. போகிக்கு மறுநாள் காலையில் கேட்கவே வேண்டாம். இந்தப் பொடி மேலே மிதக்காது, மேல்தண்ணீர்க் குப்பையை இழுக்கிற ஸ்கிம்மரில் சிக்காது, ராத்திரியோடு ராத்திரியாகத் தரையில் படிந்து நீல டைல்ஸைச் சாம்பல் நிறமாக்கிவிடும். குறைந்த விலை ரோபோக்கள் பலவற்றில் 150 அல்லது 180 மைக்ரான் வலைதான் வரும். மனுஷன் தலைமுடி சுமார் 70 மைக்ரான் தடிமன். கரித்தூளும் சாம்பலும் அதைவிடப் பல மடங்கு நைஸ். அப்படியென்றால் அந்தப் பொடி முன்பக்கமாக உள்ளே போய் வலை வழியாகப் பின்பக்கமே வெளியே வந்துவிடும்.

பார்த்தாலே தெரிகிறது. சாயங்காலம் வண்டியை இறக்கிவிட்டுக் கரையில் குனிந்து பார்த்தால் அது போகிற வழியெல்லாம் பின்னால் மெல்லிசாக ஒரு புகை எழும். ஒன்றரை மணி நேரம் ஓடி முடிக்கும்போது தரை பளிச்சென்று இருக்கும், தண்ணீர் மட்டும் லேசாக மங்கியிருக்கும். காலையில் போய்ப் பார்த்தால் பொடி மறுபடி படிந்து அதே சாம்பல் நிறம். முதல் தடவை இதைப் பார்த்துவிட்டு, குளோரின் போட வருகிற தம்பி சொன்னான்: "அண்ணே, இது பெருக்கலண்ணே, சும்மா கிளப்பி வுடுது." அவன் சொன்னது சரிதான்.

இதற்கு நாங்கள் கண்ட வழி, கூடைக்குள் ஒரு மெல்லிய துணி. பருத்தி வேட்டித் துணி நெருக்கமான நெசவு, ஐந்து நிமிஷத்தில் அடைத்துக்கொண்டு வண்டி தரையில் பிடிப்பில்லாமல் வழுக்க ஆரம்பித்துவிட்டது. பெண்கள் போடுகிற நைலான் ஸ்டாக்கிங்ஸ் சரியாக அமைந்தது. பர்மா பஜாரில் மொத்தமாகக் கொஞ்சம் வாங்கி வைத்திருக்கிறோம். கூடையின் உள்பக்கமாக வைத்து, வாயில் மடித்து, ரப்பர் பேண்ட் போட வேண்டும், வெளிப்பக்கம் போட்டால் பம்ப் விசிறியில் சிக்கும். நைஸ் பொடி முழுவதையும் பிடிக்காது, ஆனால் பாதிக்கு மேல் பிடிக்கிறது. ஓட்டம் முடிந்து அதைப் பிழிந்தால் மை மாதிரி கறுப்புத் தண்ணீர் வரும், நாம் மூச்சில் இழுப்பதும் இதைத்தானே என்று ஒரு நிமிஷம் தோன்றும். துணி போட்டால் இழுவை குறைகிறது, அதனால் இலை அதிகமாக விழுந்த நாளில் போடக்கூடாது. முதலில் துணி இல்லாமல் ஒரு ஓட்டம், மறுநாள் விடியற்காலை தண்ணீர் அசையாமல் இருக்கும்போது துணியோடு ஒரு ஓட்டம் என்று வைத்துக்கொண்டிருக்கிறோம். மிச்சம் மிதக்கிற பொடிக்கு, ரோபோ ஓடும்போதே மெயின் மோட்டாரையும் போட்டுவிடுங்கள், கிளம்புகிற பொடியில் ஒரு பங்கை மணல் ஃபில்டர் எடுத்துக்கொள்ளும். மணல் ஃபில்டர் 20 முதல் 40 மைக்ரான் வரை பிடிக்கும், நம்ம வண்டியைவிட அது எவ்வளவோ மேல்.

படிகாரம் போட்டுப் பொடியைக் கீழே இறக்கிவிட்டு ரோபோவை விடலாமே என்று நினைப்பீர்கள். வேண்டாம். படிகாரத்தில் இறங்குவது திப்பி திப்பியாகப் பஞ்சு போல நிற்கும், ரோபோவின் பிரஷ் பட்டதும் உடைந்து மறுபடி தண்ணீர் முழுக்கப் பரவும். படிகாரம் போட்டால் கை வேக்குவம்தான், அதுவும் ஃபில்டருக்கு அனுப்பாமல் நேராக வெளியே.

டைல்ஸ் விஷயம் ஒன்று. கண்ணாடி மொசைக் வழவழப்பாக இருக்கும். கெட்டி ரப்பர் பிரஷ் அதில் வழுக்கும், ஸ்பாஞ்ச் மாதிரியான நுரை பிரஷ் கவ்விப் பிடிக்கும். சிமென்ட் தரைக்கு நேர்மாறு. எங்கள் வண்டியில் வந்தது ரப்பர், அதனால் சாய்வாகத் திரும்பும் இடத்தில் சறுக்குகிறது. அப்புறம், நம்ம ஊர்க் கொத்தனார் கட்டுகிற குளத்தில் தரையும் சுவரும் நேர் மூலையாகச் சேரும், வளைவு கிடையாது. ரோபோவின் வாய் வயிற்றுக்கு நடுவில் இருப்பதால் மூலையிலிருந்து நாலு விரல் அகலத்துக்கு ஒரு கறுப்புக் கோடு எப்பவும் நிற்கும். படிக்கட்டில் ஏறாது. தரை நடுவே தண்ணீர் வடிகிற ஓட்டையின் மூடி கொஞ்சம் துருத்திக்கொண்டிருந்தால் அதன் மேல் ஏறி உட்கார்ந்து சக்கரம் சுற்றிக்கொண்டிருக்கும், தட்டை மூடி மாற்றினோம், சரியாகிவிட்டது.

பேட்டரிதான் இந்த விலை வண்டிகளுக்கு ஆயுள் ரேகை. முதல் வருஷம் ஒன்றரை மணி நேரம் ஓடினது, இரண்டாவது கோடையில் ஒரு மணி நேரம், அப்புறம் பாதிக் குளத்தில் நின்றுவிட ஆரம்பித்தது. லித்தியம் பேட்டரிக்கு சார்ஜ் ஏற்றி இறக்குகிற எண்ணிக்கையைவிட வெயில்தான் எமன். முழு சார்ஜோடு மே மாதம் தகர ஷெட்டில் வைத்தால் சும்மா இருந்தே செத்துவிடும். பாதி சார்ஜில், வீட்டுக்குள், நிழலில் வையுங்கள். வாரன்டி முடிந்திருந்தது, விற்ற இடத்தில் பேட்டரி தனியாகக் கிடைக்காது, புதிசு வாங்கிக்கொள்ளுங்கள் என்றார்கள். ரிச்சி ஸ்ட்ரீட்டில் ஒருத்தர் பிரித்துப் பார்த்தார், உள்ளே லேப்டாப் பேட்டரியில் இருக்கிற அதே மாதிரி 18650 செல்கள்தான். அதே அளவில் புது செல்லும் பாதுகாப்பு போர்டும் போட்டு, மூடியில் தண்ணீர் புகாமல் இருக்கப் போடுகிற ரப்பர் வளையத்தை (ஓ-ரிங்) மாற்றி, சிலிகான் கிரீஸ் தடவி மூடினார். நன்றாக ஓடுகிறது. வாரன்டி இருக்கும்போது இதைச் செய்யாதீர்கள், கைக்கு வந்த யாரிடமும் கொடுக்காதீர்கள், ஓ-ரிங் சரியாக உட்காரவில்லை என்றால் தண்ணீருக்குள் லித்தியம் பேட்டரி நனைந்துவிடும்.

கடல் காத்து இன்னொரு வில்லன். சார்ஜ் பின்னில் பச்சையாகப் பூத்துவிடும். ஒவ்வொரு ஓட்டத்துக்குப் பிறகும் நல்ல தண்ணீரில் கழுவி, பின்னைத் துணியால் ஒற்றி, காய்ந்த பிறகுதான் சார்ஜ். வேலை முடிந்ததும் வெளியே எடுத்துவிடணும், குளத்திலேயே போட்டு வைக்கிற சாமான் இல்லை இது. ஷாக் குளோரின், அதாவது ஒரே தடவையில் அதிகக் குளோரின், போடுகிற அன்று இறக்கவே கூடாது, குளோரின் 3 பி.பி.எம்.முக்குக் (பத்து லட்சத்தில் மூன்று பங்கு) கீழே இறங்கின பிறகு விடலாம். ஓடும்போது பிள்ளைகள் தண்ணீரில் இறங்கக் கூடாது.

2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் தெருத் தண்ணீர் மதில் தாண்டி வந்து குளத்தோடு சேர்ந்துவிட்டது. அடியில் ஒரு சாண் சேறு. அதற்கெல்லாம் ரோபோவை இறக்குவது பாவம், சேறு விசிறியைக் கடித்துவிடும். மொத்தத் தண்ணீரையும் இறைத்துவிடலாம் என்று மச்சான் போனில் துடித்தார், குளோரின் தம்பிதான் தடுத்தான். வெள்ளத்துக்குப் பிறகு நிலத்தடி நீர் மேலே நிற்கும், அப்போது தரைக்குள் கட்டின குளத்தைக் காலி பண்ணினால் கீழேயிருந்து நெம்பித் தூக்கி விரிசல் விட்டுவிடும். பாதித் தண்ணீரை வைத்துக்கொண்டே சேற்று பம்ப் போட்டு அள்ளினோம், நிலத்தடி நீர் இறங்கின பிறகுதான் முழுசாக மாற்றினோம். ரோபோ அந்தப் பொங்கல் வரை அலமாரியில்.

இப்போது புதிதாக வாங்குவதாக இருந்தால்? அதே தரை வண்டிதான், ஆனால் 50 மைக்ரானுக்குக் கீழே தனி நைஸ் ஃபில்டர் கொடுக்கிறவனிடம், அதற்காக அஞ்சாயிரம் கூடப் போனாலும் பரவாயில்லை. குளம் 30 அடிக்கு மேல் இருந்தாலோ தரை ஆழமாகச் சரிந்து போனாலோ பேட்டரி வண்டியை நினைக்கவே வேண்டாம், காசு சேர்த்து வயர் ரோபோ எடுங்கள், அதன் பவர் சப்ளையை ஆர்.சி.சி.பி. (கரண்ட் கசிந்தால் தானாக லைனை அணைக்கிற சுவிட்ச்) உள்ள லைனில் கொடுத்து, தண்ணீரிலிருந்து பத்து பன்னிரண்டு அடி தள்ளி நிழலில் வையுங்கள். தண்ணீர் மட்டத்தில் டைல்ஸில் வெள்ளையாக உப்புப் பட்டை கட்டியிருந்தால் எந்த ரோபோவும் அதை எடுக்காது, போர் தண்ணீர் ஊற்றுகிற வீடுகளில் அதற்குக் கைதான்.

அமெரிக்காவில் இருக்கிற சொந்தக்காரர் மூலம் வரவழைக்கிறவர்கள் சார்ஜர் மேல் 100-240 வோல்ட் என்று அச்சடித்திருக்கிறதா என்று போட்டோ அனுப்பச் சொல்லிப் பார்த்துக்கொள்ளுங்கள். பேட்டரி வண்டிகளின் சார்ஜர் பெரும்பாலும் இரண்டுக்கும் வரும், ஆனால் வயர் வண்டியின் பவர் சப்ளை அந்த ஊர் 120 வோல்ட்டுக்கு மட்டும் இருந்தால் இங்கே செருகின உடனே புகைந்துவிடும். கூடவே ஒரு கூடையும் ஒரு செட் பிரஷ்ஷும் சேர்த்து வாங்கிவரச் சொல்லுங்கள், இங்கே அது தனியாகக் கிடைப்பது கஷ்டம்.