பையில் வைக்கும் கைத்துப்பாக்கி: ‘புதியது’ என்று விற்கப்பட்ட ஒரு .32 பற்றிய எச்சரிக்கை

டெக்சஸில் முதன்முறையாகச் சிறு கைத்துப்பாக்கி வாங்க எண்ணும் தமிழர்களுக்காக இதை எழுதுகிறேன். ஹூஸ்டன் புறநகரில் உள்ள ஒரு கடை, நான் கேட்ட காலிபரை (குண்டின் அளவை) விட்டுவிட்டுத் தன்னிடம் விலை போகாமல் கிடந்த வேறொன்றை என் தலையில் கட்டியது. அந்தத் துப்பாக்கிக்கு ஒத்துவராத தோட்டாக்களைக் கூடுதல் விலைக்குக் கொடுத்தது. இவை போதாதென்று, வேறொருவர் பையில் வைத்துத் தேய்த்த துப்பாக்கியைப் புதியது என்று சொல்லிப் பணம் வாங்கியது. விவகாரம் இன்னும் முடியாததால் கடையின் பெயரை எழுதவில்லை. ஆனால் அந்த விற்பனையாளர் கையாண்ட சொற்கள் எந்தக் கடையிலும் உங்கள் காதில் விழக்கூடியவை என்பதால், அவற்றின் உள்ளடக்கத்தைச் சற்று விரிவாகவே சொல்கிறேன்.

நான் சிறு மளிகைக் கடை ஒன்றை நடத்துகிறேன். இரவில் கடையை மூடிய பின் அன்றைய ரொக்கத்துடன் வண்டி நிறுத்துமிடத்தைக் கடக்க வேண்டியிருக்கிறது. ஹூஸ்டன் வெயிலுக்கு ஆண்டில் பாதிக்கு மேல் மெல்லிய காற்சட்டையும் அரைக்கைச் சட்டையும்தான் உடை என்பதால், இடுப்பில் உறை கட்டி அதன்மேல் கோட்டுப் போட்டு மறைப்பது நடக்காத காரியம்; காற்சட்டையின் முன்பையில் அடங்க வேண்டும் என்பதே என் முதல் நிபந்தனை. 2021 செப்டம்பர் 1 முதல் டெக்சஸில் 21 வயது நிறைந்த, சட்டத் தடை ஏதும் இல்லாத ஒருவர் உரிமம் இல்லாமலே கைத்துப்பாக்கியை உடன் கொண்டு செல்லலாம் என்றாலும், நான் வகுப்புக்குச் சென்று உரிமம் பெற்றுக்கொண்டேன். வகுப்பு நடத்திய பயிற்சியாளரின் அறிவுரைப்படி, சுடுகளத்தில் வாடகைக்கு எடுத்துப் பல அளவுகளையும் சுட்டுப் பார்த்து, .380 ஏசிபி (எண், ஏறத்தாழ அங்குலத்தில் குண்டின் விட்டம்; ஏசிபி, தோட்டா வகையின் பெயர்) என்று முடிவு செய்த பிறகுதான் கடைக்குப் போனேன்.

அந்த முடிவுக்கு வந்த வழியைச் சொன்னால்தான் கடையில் நடந்தது விளங்கும். 1887ஆம் ஆண்டிலிருந்து புழங்கும் .22 லாங் ரைஃபிள் மலிவானது, சுடும்போது கையில் விழும் உதையும் மிகக் குறைவு. ஆனால் அதில் தீப்பொறி தரும் மருந்து தோட்டாவின் அடி விளிம்புக்குள் பரவியிருப்பதால், நடுவில் தனி பிரைமர் (மருந்தைப் பற்றவைக்கும் சிறு மூடி) பொருத்திய தோட்டாக்களைவிட அது வெடிக்காமல் போகும் வாய்ப்பு அதிகம். பையில் வைக்கும் மிகச் சிறிய பிஸ்டல்களில் அந்தக் குறை வரக்கூடாது என்றே துப்பாக்கி வடிவமைப்பாளர் ஜான் பிரவுனிங் .25 ஏசிபியை 1905 வாக்கில் வடிவமைத்தார், ஆயினும் அதன் வலிமை .22ஐத் தாண்டியது என்று சொல்ல முடியாது. மறுகோடியில் 9 மி.மீ. இருக்கிறது. சிக் சாவர் பி365 போன்றவை 2018க்குப் பிறகு அந்த அளவையும் சிறு உடலுக்குள் கொண்டுவந்துவிட்டன என்பது உண்மைதான், ஆனால் தோட்டா நிரப்பாமலே அரைக் கிலோ வரும் அந்த எடை மெல்லிய காற்சட்டையை இழுத்துத் தொங்கவிடுகிறது. .38 ஸ்பெஷல் ஐந்து குண்டு ரிவால்வர்கள் நம்பகமானவை. ஸ்மித் அண்ட் வெஸ்ஸனின் 642 ஏறத்தாழ 400 கிராம்தான். இருந்தாலும் உருளையின் தடிமன் பையில் புடைத்துத் தெரிகிறது, டிரிகரை இழுக்கவும் நல்ல விரல் வலிமை வேண்டும். இவற்றுக்கு நடுவே .380 நிற்கிறது. ரூகர் எல்சிபி என்ற .380 பிஸ்டல் 2008இல் வந்தபோது அந்த அளவுக்குப் பெரிய கிராக்கி ஏற்பட்டதற்குக் காரணமே அதன் எடை 300 கிராமுக்கும் குறைவு என்பதுதான். அது கையில் சுருக்கென்று துள்ளும். என் கைக்கு அந்தத் துள்ளல் தாங்கக்கூடியதாக இருந்தது.

.32 ஏசிபியும் மட்டமான தோட்டா அல்ல என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். பிரவுனிங் 1899இல் வடிவமைத்து, பெல்ஜியத்தின் எஃப்என் நிறுவனம் பிஸ்டலில் போட்டு விற்ற அந்த அளவு, இருபதாம் நூற்றாண்டின் பெரும்பகுதி ஐரோப்பியக் காவலர்களின் இடுப்பில் இருந்தது. கெல்-டெக் பி-32 என்ற .32 பிஸ்டல் இருநூறு கிராம்கூட இல்லை, உதை இதமானது, மூட்டுவலி உள்ளவர்களுக்கும் மணிக்கட்டு வலுவில்லாதவர்களுக்கும் நானே அதைப் பரிந்துரைப்பேன். என் குறை காலிபர் மீது அல்ல, அது விற்கப்பட்ட விதத்தின் மீது.

கடையில் நான் .380 என்றதும், அது கையிருப்பில் இல்லை, வர மாதக்கணக்கில் ஆகும் என்றார் விற்பனையாளர். அதே வாரத்தில் அங்கே போன என் நண்பர், கண்ணாடிப் பெட்டிக்குள் இரண்டு .380 பிஸ்டல்களைப் பார்த்திருக்கிறார். அது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. விற்பனையாளர் ஒரு .32 பிஸ்டலை எடுத்து வைத்து, ‘இன்றைய குழிமுனைத் தோட்டாவைப் போட்டால் இதுவும் .380உம் ஒன்றுதான், இதற்கு உதை பாதி’ என்றார். குழிமுனை என்பது முனையில் குழியுள்ள, உடலில் பட்டதும் விரியும் குண்டு. ஆதாரமாகத் தோட்டா நிறுவனத்தின் வேக அட்டவணையைக் காட்டினார். ஏமாற்று தொடங்கிய இடம் அந்த அட்டவணை.

தோட்டாப் பெட்டியிலும் நிறுவனத்தின் விவரத்தாளிலும் அச்சிடப்படும் வேகம், பெரும்பாலும் நான்கு அங்குலக் குழலில் சோதித்து அளக்கப்பட்டது. பையில் வைக்கும் பிஸ்டல்களின் குழல் இரண்டரை அங்குலத்தை ஒட்டியே இருக்கும். மருந்து எரிந்து குண்டைத் தள்ளும் தூரம் அந்த அளவுக்குக் குறைவதால் வேகமும் குறைகிறது. குழிமுனைக் குண்டு விரிவதற்கோ குறிப்பிட்ட வேகம் தேவை. அமெரிக்காவின் எஃப்பிஐ, 1986இல் மயாமியில் நடந்த துப்பாக்கிச் சண்டையில் தன் அதிகாரிகள் இருவரை இழந்த பிறகு, குண்டு, தசைக்கு ஈடாக வைத்துச் சோதிக்கும் ஜெலட்டின் கட்டிக்குள் குறைந்தது 12 அங்குலம் ஊடுருவ வேண்டும், 18 அங்குலத்துக்கு மேல் போகக்கூடாது என்ற அளவுகோலை வகுத்தது. .32இல் குழிமுனைக் குண்டு விரிந்தால் பெரும்பாலும் 12 அங்குலத்தை எட்டாமல் நின்றுவிடுகிறது. துணியால் குழி அடைபட்டு விரியாமல் போனாலோ, முனை வரை உலோக உறை போர்த்திய மலிவான முழு உறைக் குண்டுக்கும் அதற்கும் வேறுபாடு இல்லை. .380க்கும் குட்டைக் குழலில் இந்தச் சிக்கல் ஓரளவு உண்டு, ஆகவே எந்த நிறுவனத்தின் எந்தக் குண்டு என்று பார்த்துத்தான் வாங்க வேண்டும். இதையெல்லாம் மறைத்துவிட்டு அட்டவணையில் இரு எண்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ‘இரண்டும் ஒன்றே’ என்று சொல்வது, தெரிந்தே செய்யும் தில்லுமுல்லு.

அடுத்தது இன்னும் மோசம், ஏனென்றால் இதில் துப்பாக்கியே வேலை செய்யாமல் போகிறது. .32 ஏசிபி தோட்டாவின் அடியில் உடலைவிடச் சற்றே அகன்ற, மிகச் சிறிய விளிம்பு ஒன்று இருக்கிறது. மேகசினில் (பிடிக்குள் செருகும் தோட்டாக் கூட்டில்) தோட்டாக்கள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்படும்போது, மேலுள்ள தோட்டாவின் விளிம்பு கீழுள்ளதன் விளிம்புக்கு முன்னால் இருக்க வேண்டும். முழு உறைத் தோட்டா ஏறத்தாழ 25 மி.மீ. நீளம் என்பதால் மேகசினை முன்பின் நிறைத்துக்கொண்டு அசையாமல் நிற்கும். குழிமுனைத் தோட்டாக்களில் பல அதைவிட ஓரிரு மி.மீ. குட்டையானவை, அந்த இடைவெளியில், சுடும்போது ஏற்படும் அதிர்வில், மேல் தோட்டா பின்னால் நழுவி அதன் விளிம்பு கீழுள்ளதன் விளிம்புக்குப் பின்னால் போய் மாட்டிக்கொள்கிறது. இதை ரிம்லாக் என்பார்கள். சாதாரணச் சிக்கலென்றால் மேகசினைத் தட்டி, ஸ்லைடை (துப்பாக்கியின் முன்பின் நகரும் மேற்பகுதியை) இழுத்துவிட்டால் சரியாகிவிடும். இது அப்படி விடுபடாது. மேகசினைக் கழற்றி, கீழுள்ள தோட்டாக்களை அழுத்தி, ஏதாவது மெல்லிய கருவியால் நெம்பித்தான் பிரிக்க வேண்டும். இரவில் வண்டி நிறுத்துமிடத்தில் அதற்கு யார் நேரம் தருவார்கள்?

சுடுகளத்தில் எனக்கு நேர்ந்தது அதுவேதான், ஒருமுறை மட்டுமல்ல. முழு உறைத் தோட்டாக்களைப் போட்டபோது இந்தப் பூட்டு விழவில்லை. நீளமான தோட்டாவையே பயன்படுத்துவது, அல்லது மேகசினின் பின்சுவரில் இடைவெளியை அடைக்கும் சிறு தகட்டைப் பொருத்துவது என்று .32 வைத்திருப்பவர்கள் நெடுங்காலமாகக் கையாளும் தீர்வுகள் இருக்கின்றன. துப்பாக்கி விற்பதையே தொழிலாகக் கொண்ட ஒருவருக்கு இது தெரியாது என்பதை நான் நம்பத் தயாராக இல்லை. முழு உறைத் தோட்டாவைக் கேட்டபோது, ‘அது காகிதத்தைச் சுட மட்டுமே உதவும்’ என்று சொல்லி, ஏறத்தாழ இருமடங்கு விலையுள்ள குழிமுனைப் பெட்டிகளையே அவர் அடுக்கினார். டிரிகரை முழுமையாக மூடும் பை உறை ஒன்று இல்லாமல் எந்தத் துப்பாக்கியையும் பையில் போடக்கூடாது, அந்தப் பையில் சாவியோ சில்லறையோ இருக்கக்கூடாது என்ற அடிப்படைச் செய்தியை மட்டும் அவர் சொல்லவே இல்லை.

முழு உறைத் தோட்டாவிலும் ஸ்லைடு சில நேரம் முழுதாக முன்னால் வந்து மூடாததால், துப்பாக்கி பழுதுபார்ப்பவர் ஒருவரிடம் கொண்டுபோனேன். அவர் பிரித்துக் காட்டியதைப் பார்த்ததும் மீதிக் கதை விளங்கிவிட்டது. காலித் தோட்டாவைப் பிடித்து இழுக்கும் கொக்கியின் அடியில், எண்ணெயோடு சேர்ந்து கட்டியாக இறுகிய பஞ்சு இருந்தது. துணிப் பையில் நாள்பட வைத்திருந்தால் மட்டுமே அப்படிச் சேரும். பிடித் தகட்டின் திருகாணிகளின் தலை சிதைந்திருந்தது; ஸ்பிரிங் தளர்ந்திருந்தது. புதிய துப்பாக்கியையும் தொழிற்சாலையில் ஓரிரு முறை சுட்டுப் பார்ப்பார்கள் என்று கடைக்காரர் பின்னர் சொன்ன சமாதானம் புகைக்கறைக்குப் பொருந்தலாம், பஞ்சுக்குப் பொருந்தாது. வரிசை எண்ணைச் சொல்லித் தயாரிப்பு நிறுவனத்தைக் கேட்டபோது, அந்தத் துப்பாக்கி ஏற்கனவே பழுதுபார்ப்புக்காகத் தங்களிடம் வந்து சென்றது என்ற பதில் கிடைத்தது.

கடைக்குத் திரும்பிப் போனால், 4473 படிவத்தில் (துப்பாக்கி வாங்குபவர் நிரப்பும் கூட்டரசுப் படிவம்) கையெழுத்திட்டுத் துப்பாக்கி கைமாறிவிட்டால் திரும்பப் பெறுவது கடையின் வழக்கமில்லை என்றார்கள். துப்பாக்கிக் கடைகளில் இது பரவலான விதிதான், அதில் குற்றம் காண முடியாது. வேண்டுமானால் ‘பழைய துப்பாக்கி’ என்ற கணக்கில், நான் கொடுத்ததில் பாதிக்கும் குறைவாகத் தந்து வாங்கிக்கொள்வதாகச் சொன்னதுதான் எனக்கு ஆத்திரத்தைக் கிளப்பியது. அது யாரிடமிருந்து வந்தது என்று தெரியாது என்றும் சாதித்தார்கள். கூட்டரசு உரிமம் பெற்ற ஒவ்வொரு கடையும் தன்னிடம் வரும் ஒவ்வொரு துப்பாக்கியையும் யாரிடமிருந்து பெற்றது, யாருக்குக் கொடுத்தது என்று பதிவேட்டில் எழுதியே ஆக வேண்டும். அந்தப் பதிவேடு அவர்களுக்குப் பின்னாலிருந்த அறையில்தான் இருந்திருக்கும்.

இப்படி மாட்டிக்கொண்டவர்களுக்கு டெக்சஸில் வழி உண்டு. 1973இல் இயற்றப்பட்ட வணிக ஏமாற்றுத் தடுப்பு மற்றும் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், பழைய பொருளைப் புதியது என்று காட்டுவதை ஏமாற்று நடைமுறைகளின் பட்டியலில் வெளிப்படையாகவே சேர்த்திருக்கிறது. வழக்குத் தொடுக்கும் முன் 60 நாள் அவகாசத்துடன் எழுத்து மூலம் அறிவிப்பு கொடுக்க வேண்டும். 20,000 டாலர் வரையிலான வழக்கை வழக்கறிஞர் இல்லாமலே சிறு வழக்குகளை விசாரிக்கும் உள்ளூர் ஜஸ்டிஸ் நீதிமன்றத்தில் தொடுக்கலாம். நான் பழுதுபார்த்தவரின் எழுத்து அறிக்கையையும் படங்களையும் இணைத்துப் பதிவு அஞ்சலில் அறிவிப்பு அனுப்பியிருக்கிறேன்.

விசாவில் இருப்பவர்களுக்கு ஒரு செய்தி. எச்-1பி, எஃப்-1 போன்ற விசாக்களில் இருப்போர் துப்பாக்கி வாங்கவோ வைத்திருக்கவோ, செல்லுபடியாகும் வேட்டை உரிமம் போன்ற ஒரு சில விலக்குகள் தவிர, கூட்டரசுச் சட்டம் தடை விதிக்கிறது. கிரீன் கார்டு உள்ளவர்களுக்கு அந்தத் தடை இல்லை. எச்-1பியில் இருக்கும் எனக்குத் தெரிந்த ஒருவரிடம் இதே விற்பனையாளர், ‘உங்கள் நண்பர் பெயரில் வாங்கிக்கொள்ளுங்களேன்’ என்று சர்வ சாதாரணமாகச் சொல்லியிருக்கிறார். அது கூட்டரசுக் குற்றம்; 2022ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி 15 ஆண்டு வரை சிறை. மாட்டினால் சிறைக்குப் போவது பெயர் கொடுத்த நண்பர், நாடு கடத்தப்படுவது விசாக்காரர். விற்பனையாளர் தான் அப்படிச் சொல்லவேயில்லை என்பார்.

பிறகு வேறொரு கடையில் .380 வாங்கினேன். அங்கே அதே மாதிரித் துப்பாக்கி சுடுகளத்தில் வாடகைக்கும் இருந்தது. நான் பையில் வைக்கப்போகும் அதே தோட்டாவைப் போட்டு மேகசின் மேகசினாகச் சுட்டுப் பார்க்கவிட்ட பிறகே விலை பேசினார்கள். முந்தைய கடையின் ரசீதில் ‘பிஸ்டல், .32’ என்பதற்கு மேல் ஒன்றுமில்லை என்பதால், இந்த முறை ரசீதில் வரிசை எண்ணோடு ‘புதியது, முன்பு எவருக்கும் விற்கப்படாதது’ என்று எழுதித் தரும்படி கேட்டேன். கல்லாவில் இருந்த அம்மையார் ஏன் என்றுகூடக் கேட்காமல் எழுதி, கீழே கையெழுத்தும் போட்டுக் கொடுத்தார்.