தேக்கு பெஞ்ச் வாங்குமுன் கவிழ்த்துப் பாருங்கள்

'அசல் தேக்கு, வெயில் மழைக்கு அசையாது' என்று சொல்லி விற்ற மூன்று பேர் உட்காரும் தோட்ட பெஞ்ச் ஒன்று, ஒரே மழைக்காலத்தில் கால் ஆடி, இருக்கைச் சட்டங்கள் எழும்பி நின்றது. விற்றவரைக் கேட்டால், "நீங்க எண்ணெய் பூசல, அதான்" என்று முடித்துவிட்டார். அந்தப் பதில் பொய். பெஞ்சைப் பிரித்துப் பார்த்ததில் தெரிந்தவற்றைச் சொல்கிறோம், இன்னொருவர் ஏமாறக் கூடாது.

முதலில் காலின் அடி. வெட்டுமுகம், அதாவது மரத்தைக் குறுக்கே அறுத்த முகம், பூச்சு எதுவும் இல்லாமல் அப்படியே விடப்பட்டிருந்தது. மரம் தண்ணீரை அதிகம் உறிஞ்சுவது இந்த முகத்தின் வழியாகத்தான். கத்தி முனையால் சுரண்டினால் மேலே ஒரு மெல்லிய பழுப்புச் சாயம், அதன் அடியில் வெளிறிய ரப்பர் மரம். ரப்பர் மரம் வீட்டுக்குள் நல்ல மரம்தான். வெளியே ஈரம் பட்டால் பூஞ்சையும் வண்டும் சீக்கிரம் பிடித்துவிடும்.

அடுத்து இணைப்பு. காலும் குறுக்குச் சட்டமும் சேரும் இடத்தில் வட்டமாக மர ஆணித் தலைகள் தெரிந்தன. பார்த்தால் பழைய பாணி வேலை என்றே தோன்றும். நெம்பி எடுத்தபோது ஒவ்வொன்றும் 3 மி.மீ. கனமுள்ள வில்லை, பசை போட்டு ஒட்டியது! உள்ளே கழுந்தும் (சட்டத்தின் முனையில் செதுக்கும் நாக்கு) இல்லை, அது நுழையும் துளையும் இல்லை. 8 மி.மீ. உருளைக் குச்சி இரண்டும், தண்ணீரில் இளகும் வெள்ளைப் பசையும் மட்டுமே. முறையான வேலையில் கழுந்தின் கனம் காலின் கனத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு இருக்கும். குறுக்கே அடித்த மர ஆணி கழுந்தைத் துளைத்துப் போகும். பசை விட்டுப்போனாலும் அந்த ஆணி கழுந்தை வெளியே வர விடாது. இந்த பெஞ்சிலோ பசை போனதும் பிடிப்பும் போய்விட்டது.

இருக்கைச் சட்டங்களை அடியிலிருந்து ஸ்டேப்பிள் பின் அடித்துப் பிடித்திருந்தார்கள். மரம் நனைந்து உப்பி, காய்ந்து சுருங்கும். ஒவ்வொரு முறையும் பின் கொஞ்சம் மேலே வரும்.

இப்போது அந்த எண்ணெய்க் கதை. வைரம் பாய்ந்த தேக்குக்கு உழைக்க எண்ணெயே தேவையில்லை, அதற்குள்ளேயே இயற்கை எண்ணெய் இருக்கிறது. பூசாமல் விட்டால் வெள்ளிச் சாம்பல் நிறமாகும், அவ்வளவுதான். 'தேக்கு எண்ணெய்' என்று டப்பாவில் வருவது தேக்கிலிருந்து எடுத்ததும் அல்ல. பெரும்பாலும் ஆளிவிதை எண்ணெய் போன்ற ஒன்றும் கரைப்பானும் கலந்தது. ஈரமான இடத்தில் ஆளிவிதை எண்ணெய் கறுப்புப் பூஞ்சைக்குத் தீனியாகிவிடும். எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டி எறியாதீர்கள், தானாகவே தீப்பிடிக்கக்கூடும். விரித்துக் காய வையுங்கள்.

தேக்கிலும் வெளிறு, அதாவது ஓரத்தில் வரும் வெள்ளைப் பகுதி, வெளியே உழைக்காது. சாயம் பூசுவதே பல நேரம் அதை மறைக்கத்தான். 'ஏ கிரேடு' என்ற சொல்லை நம்ப வேண்டாம். எல்லோருக்கும் பொதுவான அளவுகோல் அதற்குக் கிடையாது, விற்பவர் வைத்ததுதான். தூக்கிப் பார்த்தும் சொல்ல முடியாது. ரப்பர் மரமும் ஏறக்குறைய தேக்கின் எடைதான், அகேசியா இன்னும் கனமாகக்கூட இருக்கும்.

கடைக்குப் போகும்போது காந்தம், சிறு துண்டு உப்புத்தாள், ஸ்பிரிட் நனைத்த துணி மூன்றையும் கொண்டு போங்கள். அனுமதி கேட்டு, அடிப்பக்கத்தில் ஓரங்குலம் தேயுங்கள். தேக்கென்றால் உள்ளேயும் பொன்பழுப்பு, கையில் எண்ணெய்ப் பிசுக்கு, பதனிட்ட தோல் போன்ற வாசனை. ஸ்பிரிட் துணியால் மேல்பரப்பைத் துடையுங்கள், பழுப்பு ஒட்டினால் சாயமாக இருக்கலாம். ஸ்க்ரூவில் காந்தம் 'டப்'பென்று ஒட்டினால் இரும்பு, துருவேறி மரத்தில் கறை இறங்கும். 304 என்ற ரகத் துருப்பிடிக்காத ஸ்டீலில் லேசாக இழுக்கலாம், இறுக்கிப் பிடிக்காது. கடலோர வீட்டுக்கு 316 ரக ஸ்டீல் கேளுங்கள். வெட்டுமுகத்தில் மயிரிழை விரிசல் இருந்தால் அது குறை அல்ல, அதற்காகச் சண்டை போட வேண்டாம்.

தோட்ட நாற்காலிகளின் பழைய வடிவங்களை நகலெடுப்பது எளிது. உதாரணத்துக்கு, அடிரான்டாக் என்ற சாய்வான தோட்ட நாற்காலிக்கு மூலமான வடிவத்தை தாமஸ் லீ 1903-இல் அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்து வெஸ்ட்போர்ட்டில் செய்தார். அடுத்து 1905-இல் அதற்கு ஹாரி பன்னெல் என்பவர் காப்புரிமை வாங்கினார். இன்று யார் வேண்டுமானாலும் அறுத்துப் பூட்டலாம். சாய்ந்த முதுகும் அகலக் கைப்பலகையும் கண்ணை இழுத்துவிடுகின்றன, அடியில் யாரும் குனிந்து பார்ப்பதில்லை.

இரும்பு ரகத்திலும் இதே கதை. வார்ப்பிரும்புப் பக்கவாட்டு என்று தருவதில் காந்தம் ஒட்டாவிட்டால் அது அலுமினியம். துருப்பிடிக்காது, நல்லதுதான், ஆனால் வார்ப்பிரும்பு விலை கொடுக்காதீர்கள். குழாய் நாற்காலி என்றால் காலடியில் நீர் வடியத் துளை இருக்கிறதா பாருங்கள், இல்லையென்றால் உள்ளிருந்து துருவேறும். பிரம்பு நாற்காலி கூரை போட்ட வராந்தாவுக்கு மட்டும்.

பில்லில் 'தேக்கு வைரப்பகுதி, கழுந்து இணைப்பு, 304 ஸ்டீல் ஸ்க்ரூ' என்று எழுதித் தரச் சொல்லுங்கள். எழுதத் தயங்கினால் வாங்காதீர்கள்.

ஏற்கெனவே வாங்கிவிட்டவர்கள் பெஞ்சைக் கூரைக்கு அடியில் மாற்றுங்கள். நன்றாகக் காய்ந்தபின் காலடி வெட்டுமுகத்தில் எபாக்சிப் பசையை இரண்டு முறை ஊற விடுங்கள். ஸ்டேப்பிளைப் பிடுங்கி, முன்துளை போட்டு, ஸ்டீல் ஸ்க்ரூ முடுக்குங்கள். கால் இணைப்பில் கத்தி முனை 5 மி.மீ. சுலபமாக இறங்கினால் யாரையும் அதில் உட்கார விடாதீர்கள், முக்கியமாக வயதானவர்களை.