கௌபிப் பேணியில் பெரியவளும் சின்னவனும்

புறக்கோட்டை நாலாம் குறுக்குத் தெருவில் மலிவாக இருக்கிறதென்று இரண்டு கிலோ கௌபி (தட்டைப்பயறு) வாங்கிவந்து, வெள்ளவத்தை வீட்டுக் குசினியில் பேணிக்குள் போட்டு மூடினேன். மூடியதோடு சரி, மறந்துபோனேன். மழைக்காலம் முடிந்து திறந்து பார்த்தால், உள்ளே பழுப்பு நிற வண்டுகள் குடித்தனம் நடத்திக்கொண்டிருக்கின்றன. "அப்பிடியே கொண்டுபோய்க் கொட்டு" என்றார் அம்மா. அதற்குள் அக்காவின் மகள் ஒரு பிடியை ஜாம் போத்தலுக்குள் அள்ளிப்போட்டு, வாயை மெல்லிய துணியால் கட்டிவிட்டாள்.

"மாமா, இந்தச் சின்னது குட்டியோ?"

குட்டி இல்லை. சிறகு முளைத்து வெளியே வந்த பிறகு வண்டு வளராது. புழுவாக இருந்த காலத்தில் என்ன கிடைத்ததோ அதுதான் ஆயுள் முழுக்க அதன் அளவு. ஒரே கௌபி மணிக்குள் இரண்டு மூன்று புழுக்கள் பங்கு போட்டால் வருவது சிறுசு. தனியாக இருந்து தின்றது பெரிசு. ஆக, அந்தப் போத்தலுக்குள் இருந்த எல்லோரும் வளர்ந்தவர்கள்தான், ஆளுக்கொரு அளவு. ஒரு சின்ன ஆண் தன்னைவிடப் பெரிய பெண்ணின் மேல் தொற்றிக்கொண்டிருந்தது. இன்னொரு மூலையில் கொழுத்த ஆண் ஒன்று சின்னப் பெண்ணைத் துரத்திக்கொண்டிருந்தது. இதில் எந்தச் சோடிக்குப் பிள்ளை அதிகம்?

பூச்சியியலிலும் இது பழைய வழக்கு. பெண் பெரிதாக இருந்தால் போதும் என்பது ஒரு கட்சி. ஆணின் அளவுக்கும் பங்குண்டு என்பது மற்றது. நான் எந்தப் பக்கம் என்பதை ஒளிக்கவில்லை: பெண் பக்கம். ஆனால் எதிர்க்கட்சியிடமும் நல்ல சாட்சிகள் உண்டு.

பெண்ணின் அளவு

வயிறு பெரிதென்றால் முட்டைக்கு இடம் அதிகம், முட்டைக்குள் வைக்கும் சத்துக்குக் கையிருப்பும் அதிகம். பூச்சிகளில் பெரும்பாலும் பெண்ணே பெரிதாக இருப்பதற்கு 1871இல் டார்வினும் இந்த முட்டைக் கணக்கைத்தான் காரணமாகச் சொன்னார். 1993இல் அலோயிஸ் ஹோனெக் என்ற செக் நாட்டுப் பூச்சியியலாளர் பல இனங்களின் அளவுகளைச் சேர்த்துக் கணக்குப் பார்த்தார். ஒரே இனத்துக்குள் பெண்ணின் எடை 1% கூடினால் முட்டை எண்ணிக்கை ஏறத்தாழ 0.95% கூடுகிறது. இரண்டு மடங்கு எடை, கிட்டத்தட்ட இரண்டு மடங்கு முட்டை. உயிரியலில் இவ்வளவு நேர்கோடு அடிக்கடி கிடைக்காது.

கௌபி வண்டுக்கு இந்தக் கணக்கு இன்னும் கறாரானது. வளர்ந்த வண்டு எதுவும் சாப்பிடாமலே வாழ்ந்து முட்டையிட்டுவிடும். எங்கள் பேணிக்குள் தண்ணீரும் இல்லை, பூந்தேனும் இல்லை. புழுவாகச் சேர்த்து வைத்ததைக் கொண்டே ஒன்றிரண்டு வாரம் ஓட்டவேண்டும், ஓய்வுபெற்றவர் சேமலாப நிதியில் காலம் தள்ளுவது மாதிரி. சேமிப்பு குறைந்த பெண்ணால் முட்டையை எங்கிருந்து கொண்டுவர முடியும்?

இந்தப் பக்கத்திலும் ஒரு ஓட்டை உண்டு. வாழைப்பழத்தை மொய்க்கும் சின்னஞ்சிறு இலையான், அதாவது ஆய்வுகூடங்களின் செல்லப் பிள்ளையான டுரோசோஃபிலா, அதைக் காட்டிக்கொடுத்தது. பெரிய பெண்ணுக்கு முட்டை அதிகம் என்பது ஆண்களுக்கும் தெரிகிறது. ஆகவே எல்லா ஆண்களும் அவளையே சுற்றுகிறார்கள். அந்தத் தொல்லையில் அவளுடைய முட்டை விடும் திறன் அடிபட்டு, சின்னப் பெண்களைவிட அவளுக்கு இருந்த முன்னிலை சுருங்கிவிடுகிறது என்று 2009இல் ஓர் ஆய்வு காட்டியது. பெரியவளாகப் பிறப்பது மட்டும் போதாது, கொஞ்சம் தனியாக விட்டுவைக்கவும் வேண்டும்.

ஆணின் அளவு

பெரிய ஆணுக்குச் சோடி கிடைக்கும், அதில் சந்தேகமில்லை. அதே இலையானில் பெரிய ஆண்கள் வாழ்நாளில் அதிகப் பெண்களோடு சேர்கின்றன என்பது 1983லேயே தெரிந்த சங்கதி. நான் கேட்பது வேறு: அவனைச் சேர்ந்ததால் அவளுக்கு என்ன மிச்சம்?

2002இல் வந்த பதில் கொஞ்சம் கசப்பானது. பெரிய ஆண்களோடு வாழவிட்ட பெண் இலையான்கள் சீக்கிரம் செத்தன, அவற்றின் மொத்தப் பிள்ளைகளும் குறைந்தன. அவனுக்கு லாபம், அவளுக்கு நட்டம்.

ஐரோப்பாவின் மஞ்சள் சாண இலையான் கதை இதைவிட முரட்டுத்தனமானது. ஜெஃப் பார்க்கர் என்ற ஆய்வாளர் மாட்டுச் சாணத்தின் பக்கத்தில் உட்கார்ந்து மணிக்கணக்காகப் பார்த்து, 1970இல் எழுதிய பூச்சி அது. வழமைக்கு மாறாக இதில் ஆண்தான் பெரிது. புதுச் சாணம் விழுந்ததும் ஆண்கள் கூடிவிடும். முட்டையிட வரும் பெண்ணைப் பிடித்த சின்ன ஆணிடமிருந்து பெரிய ஆண் பறித்துக்கொள்ளும். இந்த இழுபறியில் பெண் சாணத்துக்குள் அமுங்கிச் செத்துப்போவதும் உண்டு. சின்ன ஆண் விந்தை மெதுவாகவே செலுத்துவதால் சேர்க்கையை நீட்டிப் பிடிக்கிறது, பெரிய ஆண் சீக்கிரம் முடித்துவிடுகிறது. ஆணுக்கு ஆண் நடக்கும் இந்தப் போட்டியில் அளவுதான் எல்லாம். அவள் வயிற்றில் ஏற்கெனவே இருக்கும் முட்டைகளை அது கூட்டிவிடுவதில்லை.

சின்ன ஆண் எப்போதும் தோற்பவன் என்றும் நினைக்க வேண்டாம். கூட்டமாகப் பறந்து சோடி தேடும் சில நீர்க்கொசு இனங்களில் சின்ன ஆண்தான் சட்டென்று திரும்பி, வளைந்து, பெண்ணைப் பிடிக்கிறது. சாண வண்டுகள் சிலவற்றில் கொம்பு வைத்த பெரிய ஆண் சுரங்க வாசலில் காவல் நிற்க, கொம்பில்லாத சின்னவன் பக்கவழியால் நுழைந்துவிடுவான். ஆனால் அந்தக் கொம்பனுக்கும் ஒரு நல்ல பேர் கொடுக்கவேண்டும். அவற்றுள் ஓர் இனத்தில் சாண உருண்டை சேர்த்துப் பிள்ளைக்குச் சாப்பாடு கட்டிவைக்க அவன் பெண்ணுக்குக் கைகொடுக்கிறான், சின்னவன் அந்த வேலைக்கு வருவதில்லை.

கொம்பனைப் பார்த்த பிறகு எனக்குப் பிடிபட்டது இதுதான்: ஆணின் அளவு பிள்ளைக் கணக்கில் ஏறவேண்டுமென்றால், அவன் கையில் ஏதாவது கொண்டுவரவேண்டும்.

சீதனம் கொண்டுவரும் ஆண்

நம் ஊரில் சீதனம் எந்தப் பக்கத்திலிருந்து போகும் என்பது தெரிந்ததே. சில பூச்சிகளில் அது தலைகீழ். அமெரிக்காவின் மேற்குப் பகுதியில் வாழும் மோர்மன் வெட்டுக்கிளியின் ஆண், விந்தோடு சேர்த்து ஒரு சத்துப் பொதியையும் பெண்ணுக்குக் கொடுக்கிறது. அந்தப் பொதி அதன் எடையில் கால் பங்கு வரை போகும். 60 கிலோ ஆள் 15 கிலோவை இறக்கிக் கொடுப்பது போல. இவ்வளவு கொடுப்பவன் ஆளைப் பார்க்காமல் கொடுப்பானா? 1981இல் டாரில் குவின் எழுதியதன்படி, பெண் அவன் முதுகில் ஏறும்போதே அவன் எடை பார்த்துவிடுகிறான் போலிருக்கிறது. இலேசான பெண்களை உதறிவிட்டு, முட்டை நிறைந்த கனமான பெண்களுக்கே பொதியைக் கொடுத்தான். கடைசியில் அவன் தேடுவதும் பெரிய பெண்ணைத்தான் என்பதால் இந்தச் சாட்சியை என் பக்கத்திலேயே எழுதிக்கொள்கிறேன்.

எங்கள் போத்தலுக்குள் இருந்த கௌபி ஆணும் கொடையாளிதான். முதல் சேர்க்கையில் தன் எடையில் 5 முதல் 10 சதவீதம் வரை திரவமாகக் கொடுத்துவிடும். பெரிய ஆண் அதிகம் கொடுக்கும், அடுத்தடுத்த சேர்க்கைகளில் கொடை சுருங்கிக்கொண்டே போகும். தண்ணீரே இல்லாத பேணிக்குள் அந்த ஈரத்துக்கும் பெறுமதி உண்டு. தாகத்தோடு இருக்கும் பெண்கள் கூடுதல் தடவை சேர்க்கைக்குச் சம்மதிக்கின்றன என்று சோதித்துக் காட்டியிருக்கிறார்கள். எதிர்க்கட்சியின் மிக நல்ல சாட்சி இதுதான், ஒத்துக்கொள்கிறேன்.

ஆனால் கொடைக்கு ஒரு விலையும் இருக்கிறது. இந்த ஆணின் உறுப்பில் முட்கள் உண்டு. ஹெலன் குரட்ஜிங்டனும் மைக் சிவஜோதியும் (பெயரைப் பார்த்ததும் நம்மவரோ என்று எனக்கும் தோன்றியது) 2000இல் எழுதியபடி, அந்த முட்கள் பெண்ணின் உள்ளே காயம் உண்டாக்குகின்றன. பெண் பின்னங்காலால் உதைத்து ஆணைத் தள்ளுகிறாள். உதைக்க முடியாமல் செய்துவிட்டால் சேர்க்கை நீள்கிறது, காயமும் கூடுகிறது. மருமகள் போத்தலைப் பார்த்து "அது ஏன் உதைக்குது?" என்று கேட்டாள். பத்து வயதுப் பிள்ளைக்கு என்ன சொல்வது? "போதும் எண்டு சொல்லுது" என்றேன்.

நுளம்பு

கொழும்பில் இருந்துகொண்டு நுளம்பை விட்டுவிட்டு இந்தக் கதையை முடிக்க முடியாது. 2017இல் இலங்கை முழுவதும் 1,86,000க்கும் மேற்பட்ட டெங்கு நோயாளர்கள், அதிலும் கொழும்பு மாவட்டம்தான் முன்னணியில். எங்கள் மாடியிலும் ஒவ்வொரு பூச்சட்டித் தட்டையும் கவிழ்த்து வைத்த காலம் அது.

டெங்கு நுளம்பின் உடல் அளவைச் சிறகின் நீளத்தைக் கொண்டு கணிக்கிறார்கள். சிறகு நீளமான பெண்ணுக்கு முட்டை அதிகம். பெரிய ஆணிடம் விந்தணு அதிகம். ஆனால் பெண் பெரும்பாலும் ஒரு தடவைதான் சேர்கிறாள். ஆணின் சுரப்பித் திரவமே அவளை அடுத்த ஆணுக்கு இணங்காமல் செய்துவிடுகிறது, இது 1967இல் ஜோர்ஜ் கிரேக் கண்டது. அந்த ஒரு சேர்க்கையில் கிடைத்ததைப் பைகளில் சேமித்துவைத்து வாழ்நாள் முழுக்கச் செலவழிக்கிறாள். டெங்கைக் கட்டுப்படுத்த மலட்டு ஆண்களையோ வோல்பாகியா என்ற பக்டீரியா ஏற்றிய நுளம்புகளையோ வளர்த்து வெளியே விடுகிறவர்களுக்கு ஆணின் அளவு கவலை தருவது இதனால்தான். நோஞ்சான் ஆண்களை விட்டால் வெளியே இருக்கும் ஆண்கள் முந்திவிடும்.

சின்ன நுளம்பு என்றால் ஆபத்தில்லை என்று நிம்மதிப்படவும் வழியில்லை. நெருக்கமான தண்ணீரில், அரைவயிற்றோடு வளர்ந்த குடம்பி சின்னப் பெண்ணாக வரும். முதலில் குடிக்கும் இரத்தம் அவளுடைய உடல் பற்றாக்குறையை நிரப்பவே போய்விடலாம். முட்டைக்காக அவள் மறுபடியும் கடிக்க வரவேண்டும். முட்டை குறைவு, கடி கூடுதல். டெங்கு பரவுவதற்கு வேண்டியதும் கடிதானே.

அப்படியானால் எந்தச் சோடி?

பெரிய பெண்ணும் சின்ன ஆணும் சேர்ந்ததுதான் என் முதல் தெரிவு. முட்டை குறையாது, பலவற்றில் தொல்லையும் குறைவு. பெரிய பெண்ணும் பெரிய ஆணும் கௌபி வண்டு மாதிரியான கொடையாளி இனங்களில் முந்தலாம், அதுவும் அவன் முதல் தடவை சேர்பவனாக இருந்தால். சின்னப் பெண்ணோடு பெரிய ஆண் என்பதில் எனக்கு நம்பிக்கை இல்லை. கொடை வாங்கினாலும் முட்டை வைக்க அவளுக்கு இடம் எங்கே? சின்னதும் சின்னதும் சேர்ந்தால் பிள்ளை குறையும், அவ்வளவுதான். அந்தப் பிள்ளைகளும் சின்னதாகத்தான் வரவேண்டும் என்று கட்டாயமில்லை. அவை எந்த மணிக்குள் பிறக்கின்றன என்பதைப் பொறுத்தது அது.

அந்த மணியைத் தேர்வது தாய். கௌபி வண்டு முட்டையிடுமுன் மணியின் மேல் நடந்து பார்க்கும், ஏற்கெனவே யாராவது முட்டை ஒட்டிவிட்டுப் போனார்களா என்று. வெறுமணி இருக்கும்வரை முட்டை உள்ளதைத் தவிர்க்கும்.

அடுத்த வாரம் மருமகள் போத்தலை யன்னல் வெளிச்சத்தில் பிடித்து எண்ணினாள். அடியில் கிடந்த மணிகளில் பெரும்பாலும் ஒவ்வொரு வெள்ளைப் புள்ளி. சிலவற்றில் இரண்டு. மேலே, துணிக்குப் பக்கத்தில், பிந்தி வந்த ஒரு பெண் புள்ளியில்லாத மணி தேடி இன்னும் நடந்துகொண்டிருந்தது.