இரட்டைக் கோபுர அரங்கா, கோயில் மேளமா?

மலேசியாவின் சுங்கை சிப்புட் போன்ற தோட்டப்புற ஊரில் வளரும் பிள்ளைகளுக்கு நேரடி இசையைக் காட்ட இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, கோலாலம்பூரில் மலேசிய பில்ஹார்மோனிக் இசைக்குழு; 1998இல் பெட்ரோனாஸ் இரட்டைக் கோபுர அரங்கில், இசை நடத்துநர் கீஸ் பேக்கல்ஸ் தலைமையில் தொடங்கியது. மற்றொன்று, பங்குனி உத்திரத்தன்று ஊர்க் கோயிலில் முழங்கும் நாகசுர மேளம்.

ஓபோ என்னும் மேற்கத்தியக் குழல் கருவி எழுப்பும் ஒற்றைச் சுரத்துக்கு வயலின்களெல்லாம் சுருதி சேர்க்கும் அந்த ஒரு நிமிடத்துக்காகவே அரங்குக்குப் போகலாம். ஓபோவும் நாகசுரமும் இரட்டை நாணல் கருவிகள்தாம். ஆனால் ஓபோக்காரர் எழுதிவைத்த சுரங்களுக்கு உயிர் கொடுக்கிறார். நாகசுரக்காரரோ சீவாளி என்னும் நாணல் ஊதுவாயை வாயில் நனைத்துப் பதம் பார்த்து, தோடி ராகத்தை அங்கேயே விரித்துக்கொண்டு போகிறார். பக்கத்திலேயே தவில்காரர், வலக்கை விரல்களில் கெட்டியான உறைபோன்ற கூடுகள், இடக்கையில் கழி! அரங்கில் இந்த நெருக்கம் கிடைக்காது.

டிக்கெட், ரயில், தங்குமிடம் என்று குடும்பத்தோடு போனால் செலவு கையைக் கடிக்கும். கோயிலில் காசே வேண்டாம்.

என் தேர்வு, முதலில் கோயில். ராகம் காதில் ஏறிய பிள்ளையைப் பிறகு ஒரு பீத்தோவன் சிம்பொனிக்கு அழைத்துப் போங்கள். சிம்பொனியின் பகுதிகளுக்கு நடுவே கைதட்டுவது வழக்கமில்லை என்பதை மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.